ஆயுளிலிருந்து ஆறாண்டுக்கு

1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வழங்கிய தீர்ப்பின் கொடுமையை நாம் அறிவோம். அதன் கணக்கை அதிகம் பார்த்ததில்லை. ராஜத்துரோகமாகப் பேசியதற்காகச் சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டு தீவாந்தரம். வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கோ தம் பேச்சுக்காக ஓர் ஆயுள் தீவாந்தரம், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னொன்று. அதாவது, பேசியவரைவிட அவருக்குத் துணை நின்றவருக்குக் கூடுதல் தண்டனை!

சட்டமே இதற்கு இடம் தந்தது. அன்றைய 124ஏ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். அல்லது ஆயுள் வரை எத்தனை ஆண்டும் தீவாந்தரம் விதிக்கலாம். இடைப்பட்ட தூரம் நீதிபதியின் மனத்தைப் பொறுத்தது. லண்டனிலிருந்த இந்தியா மந்திரி மார்லியே, இத்தகைய கடுமை வெடிகுண்டுக்குத்தான் வழிகாட்டும் என்று வைஸ்ராய் மின்டோவுக்கு எழுதினார்.

அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டை முடித்தது. குற்றவாளிகள் என்ற முடிவு மாறவில்லை. இருவர் தண்டனையும் ஆறாண்டாகக் குறைந்தது. அதே ஜூலையில் பம்பாயில் திலகருக்குக் கிடைத்ததும் ஆறாண்டே. இந்தக் குறைப்பைக் கருணையென்று நாம் கொள்ள வேண்டியதில்லை. முதல் தீர்ப்பு அளவு தவறியது என்பதற்கு ஆட்சியாளரின் நீதிமன்றமே தந்த சாட்சியம் அது.

எனினும் கோவைச் சிறையில் செக்கிழுத்து, கண்ணனூர்ச் சிறையிலும் இருந்து, 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தபோது சுதேசிக் கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. மேல்முறையீடு ஆண்டுகளைத்தான் குறைத்தது.