பி.ஈ. வகுப்பு யாருக்காக?

போன வாரம் பொண்ணோட ஹைஸ்கூல் டைம்டேபிளைப் பார்த்தேன். (நாங்க இருக்கிறது அமெரிக்காவில.) உடற்கல்வி, அதாவது பி.ஈ. இருக்க வேண்டிய இடத்துல மார்ச்சிங் பேண்ட் இருந்துச்சு. "பேண்ட்ல சேர்ந்தா பி.ஈ. எடுக்க வேணாம்பா"ன்னா. ஜனாதிபதி வரைக்கும் உடற்பயிற்சி பத்திப் பேசுற நாட்டுல இதெப்படின்னு தோண்ட ஆரம்பிச்சேன். கதை 1950கள்ல போய் நின்னுச்சு.

வியன்னாவிலிருந்து நியூயார்க் வந்த டாக்டர் ஹான்ஸ் க்ராஸ். முதுகுவலி வைத்தியத்துல பேர் வாங்கினவர். அவரும் டாக்டர் சோன்யா வெபரும் சேர்ந்து ஒரு சின்ன சோதனை வச்சிருந்தாங்க. மொத்தம் ஆறே அசைவு: படுத்து எழுந்திரிக்கிறது, காலைத் தூக்கிப் பிடிக்கிறது, குனிஞ்சு தரையைத் தொடுறது, இப்படி. க்ராஸும் மலையேறி போனி ப்ரூடனும் அதைப் பள்ளிப் பிள்ளைங்ககிட்ட நடத்திப் பார்த்தாங்க. ஒன்றிலாவது தோற்ற அமெரிக்கப் பிள்ளைகள் 57.9 சதவீதம். ஐரோப்பியப் பிள்ளைகள் 8.7 சதவீதம்தான்!

1955 ஜூலையில இந்தக் கணக்கு வெள்ளை மாளிகைக்குப் போச்சு. ஐசன்ஹோவர் அதிர்ந்துபோய், 1956-ல இளைஞர் உடல்தகுதிக்குன்னு ஒரு கவுன்சிலை அமைச்சார்.

சரி, "எல்லாப் பள்ளியிலயும் தினம் பி.ஈ. நடத்து"ன்னு ஒரே உத்தரவாப் போட்டிருக்கலாமே? முடியாது. அங்கே கல்வி மாநிலங்களோட அதிகாரம். அதனால வாஷிங்டன் பிரசாரம் பண்ணுச்சு. கென்னடி பதவி ஏற்கும் முன்னாடியே, 1960 டிசம்பர்ல, 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகையில அமெரிக்கர்கள் மென்மையாகிட்டாங்கன்னு கட்டுரை எழுதினார். (பிறகு அவரோட முதுகுவலியைப் பார்த்ததும் இதே க்ராஸ்தான்!)

1966-ல ஜான்சன் ஜனாதிபதி உடல்தகுதி விருதைக் கொண்டு வந்தார். எனக்கு இடிச்சது இங்கேதான். க்ராஸ் பார்த்தது, ஒரு பிள்ளைக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச வலு இருக்கான்னு. விருதோ, ஒவ்வொரு போட்டியிலயும் நூத்துல முதல் பதினஞ்சு பேருக்குள்ள வர்ற பிள்ளைக்கு. பலவீனமான பிள்ளையை நினைச்சுப் பயந்து ஆரம்பிச்சது, பலமான பிள்ளைக்குப் பட்டை குத்துறதுல வந்து நின்னுடுச்சு. அந்தச் சோதனை 2012-13 கல்வியாண்டோட நின்னுச்சு. 2025 ஜூலையில ட்ரம்ப் உத்தரவு போட்டு அதை மறுபடியும் கொண்டு வந்தார்.

வகுப்பு நேரம் என்னாச்சு? கலிஃபோர்னியா 1866-லயே உடற்பயிற்சியைச் சட்டமாக்கின மாநிலம். இப்ப அங்கே ஆறாம் வகுப்பு வரைக்கும் பத்துப் பள்ளி நாளுக்கு 200 நிமிஷம், அதுக்கு மேல 400. தினசரி பி.ஈ. கட்டாயம்னு பேர் வாங்கின இல்லினாய்ஸே 2017 சட்டத்துல, வாரத்துக்கு மூணு நாள் போதும்னு இறங்கிடுச்சு. நாடு முழுக்கப் பார்த்தா, தினமும் பி.ஈ. போன ஹைஸ்கூல் பிள்ளைங்க 1991-ல சுமார் 42 சதவீதம். 1995-ல சுமார் 25. 2002-ல வந்த கூட்டாட்சிக் கல்விச் சட்டம் வாசிப்புலயும் கணக்குலயும் வருஷாவருஷம் தேர்வு வச்சுப் பள்ளிகளை எடை போட்டுச்சு. எதை அளக்குறாங்களோ அதுக்குத்தானே பள்ளிக்கூடம் நேரம் ஒதுக்கும்?

ராத்திரி சாப்பிடும்போது பொண்ணுகிட்ட மெதுவாக் கேட்டேன், நிஜமாவே பேண்ட் அவ்வளவு பிடிச்சிருக்கான்னு. "பிடிக்கும்பா. ஆனா மிடில் ஸ்கூல்ல ஒரு மைல் ஓடச் சொன்னாங்கல்ல? எல்லாரும் முடிச்சு உட்கார்ந்து பார்க்க, நான் மட்டும் ஓடிட்டு இருந்தேன். இனிமே அது வேணாம்."

கடைசியா ஓடுற அந்தப் பிள்ளைக்குத்தானே முதல்ல இந்த வகுப்பு வேணும்? எழுபது வருஷமா ஜெயிக்கிறவங்களைக் கைதட்டிட்டு, தோக்கிறவங்களுக்கு வெளியே போற கதவைக் காட்டியிருக்காங்க. நானும் அந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டவன்தான், ஒத்துக்கிறேன்.

இப்ப சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் நடக்கப் போறோம். கடிகாரம் கிடையாது. பாதி வழியில மூச்சு வாங்குறது நான்தான் :-)

அமெரிக்காவில இருக்கிற நண்பர்களே, உங்க பிள்ளைங்களுக்கு வாரத்துக்கு எத்தனை நிமிஷம்? கேட்டுப் பார்த்துச் சொல்லுங்களேன்.