தென்னைமரத்து ஆன்டெனாவும் உலகக் குரல்களும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, நம் கல்லூரியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சொன்னேன். "அப்படீன்னா உன் வீட்டுத் தென்னையில கட்டியிருக்கியே கம்பி, அதப் பத்தி எழுது மக்கா" என்றார் எனக்கு மூத்த ஒருவர். எனவே அதைப் பற்றியே எழுதுகிறேன். அது வெறும் கம்பி அல்ல. நூறு வருஷ வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது.

அமெச்சூர் ரேடியோ என்பது, அரசிடம் லைசென்ஸ் பெற்ற ஒருவர், வருமானத்துக்காக இல்லாமல், தன் வீட்டில் சொந்தமாக வானொலி நிலையம் வைத்து, உலகில் உள்ள மற்ற அமெச்சூர்களோடு பேசுவது. இவர்களுக்கு ஹாம் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் தனி அழைப்புக் குறியீடு உண்டு. நம் நாட்டுக் குறியீடுகள் பொதுவாக 'விக்டர் யூனிஃபார்ம்', அதாவது வி.யு. என்ற எழுத்துகளில் தொடங்கும்.

இந்தியாவில் இந்தக் கலை 1921இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தாவோடு தொடங்கியதாகச் சொல்வார்கள். மூன்றே வருஷத்தில் சென்னை விழித்துக்கொண்டது. 1924ஆம் ஆண்டு மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவாயிற்று. ஜூலை 31 அன்று ஒலிபரப்பும் தொடங்கிவிட்டது. பணமில்லாமல் 1927இல் கிளப் நின்றுபோனது. டிரான்ஸ்மிட்டரை அவர்கள் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை மாநகராட்சிதான் ஒலிபரப்பியது. நம் தமிழ் வானொலிக்கு ஆதி மூலம் ஓர் அரசாங்க உத்தரவு இல்லை, ஆர்வக்கோளாறு பிடித்த சிலருடைய பொழுதுபோக்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம்ம ஊர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அந்த அரசு 1943இல் திருவனந்தபுரத்தில் வானொலி நிலையம் தொடங்கியது. 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தபிறகும் உள்ளூர்க் குரல் காற்றில் வரப் பல வருஷம் ஆனது. 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் தொடங்கியது. அந்தப் பெருமை நம் மாணவர்களில் பலருக்குத் தெரியாது.

ஹாம்களின் கதைக்கு வருவோம். 1939இல் உலகப்போர் மூண்டதும் பிரிட்டிஷ் அரசு அமெச்சூர் லைசென்ஸ்களை ரத்து செய்து, கருவிகளை ஒப்படைக்கச் சொன்னது. தனி மனிதன் கையில் டிரான்ஸ்மிட்டர் இருப்பது எந்த அரசுக்கும் பயம்தான். அந்தப் பயம் வீணில்லை. 1942 ஆகஸ்ட் புரட்சியின்போது பம்பாயில் உஷா மேத்தாவும் நண்பர்களும் நடத்திய ரகசிய காங்கிரஸ் ரேடியோவுக்குத் தொழில்நுட்பம் தந்தவர்களில் நரிமன் பிரிண்டர் என்ற ஹாமும் ஒருவர். நவம்பரில் போலீஸ் பிடித்துவிட்டது. போர் முடிந்தபின் லைசென்ஸ்கள் திரும்பவும் கிடைத்தன. 1948இல் மோவ் நகரத்து ராணுவ சிக்னல்ஸ் பள்ளியில் உருவான சங்கமே பின்னால் இந்திய அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆனது.

அந்தத் தலைமுறையின் பெரிய பிரச்சினை கருவிதான். வெளிநாட்டு செட் வாங்கக் காசும் இல்லை, சுங்க வரியைக் கட்டவும் முடியாது. ராணுவம் கழித்துப்போட்ட ரிசீவரையும் 807 வால்வையும் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்துத் தாங்களே கட்டினார்கள். 1984இல் இறக்குமதி வரிச்சலுகை கிடைத்தபிறகு ஹாம்களின் எண்ணிக்கை கூடியது. அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். ஆனால் கைவேலை செத்துவிடவில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2000களின் தொடக்கத்தில் வெளியிட்ட 'பிட்எக்ஸ்' என்ற டிரான்சீவர் வடிவமைப்பு உலகமெங்கும் பரவியது. இறக்குமதி உதிரிக்கு அலையாமல், தண்ணீர்க் குழாயின் வாஷரில்கூடக் காயில் சுற்றலாம் என்று அதில் காட்டினார். அதைப் பார்த்துத்தான் எனக்கும், நம்மாலும் முடியும் என்று தைரியம் வந்தது.

இனி காண்டெஸ்ட். வருஷாவருஷம் அக்டோபர் கடைசி முழு வார இறுதியில் 'சிக்யூ உலகப் போட்டி' குரலில் நடக்கும். நவம்பரில் மோர்ஸில் நடக்கும். 48 மணி நேரத்தில் எத்தனை நிலையங்களோடு பேசுகிறோம், எத்தனை நாடுகளையும் மண்டலங்களையும் தொடுகிறோம் என்பதே கணக்கு. உலகம் 40 மண்டலங்கள், நாம் 22. "ஃபைவ் நைன், ட்வென்டி டூ" என்று சொல்லி, எதிராளி சொல்வதை எழுதிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போக வேண்டும். சொந்தக் கண்டத்தில் வேறு நாட்டோடு பேசினால் 1 புள்ளி, வேறு கண்டம் என்றால் 3 புள்ளி. ஜப்பான்காரர்கள் காலையில் கூட்டமாகக் கேட்பார்கள், ஆனால் அவர்களும் ஆசியா. அதனால் நமக்கு வாழ்வு ஐரோப்பா பக்கம். அமெரிக்காவுக்கு அலை வடதுருவத்தின் பக்கமாகப் போக வேண்டும். அது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

என் நிலையம் ஈத்தாமொழிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இருக்கிறது. 14 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீள டைபோல் சுமார் 10 மீட்டர் நீளம்; தரையில் இருந்தும் அவ்வளவு உயரத்திலாவது கட்டினால்தான் தூரம் போகும். ஈத்தாமொழித் தென்னை நெட்டையான ரகம், உயரத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஆடிக்காற்றில் மரம் ஆடும், கம்பி அறுந்துபோகும். அதற்கு ஒரு முனையில் கப்பி வைத்து, கயிற்றில் கல் நிரப்பிய வாளியைத் தொங்கவிட்டேன். மரம் ஆடும்போது வாளி ஏறி இறங்கும், கம்பிக்கு இழுவை வராது. அடுத்து உப்புக்காற்று. இரும்புக் கிளாம்பு சீக்கிரமே பொடிந்துபோகும் என்பதால் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கேபிள் மூட்டுகளுக்கு ரப்பர் டேப். பிறகுதான் ஐரோப்பாவை நோக்கி வடமேற்கே திருப்பி ஒரு யாகி ஏற்றினேன். கடைசியாக வந்தது இரைச்சல். எல்.ஈ.டி. பல்பு, இன்வெர்ட்டர், சார்ஜர் ஒவ்வொன்றும் ரிசீவரில் கரகரக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, குற்றவாளியின் வயரில் ஃபெரைட் வளையம் மாட்டினேன். பெரிய பவரைவிட, அமைதியான ரிசீவர்தான் அதிகப் புள்ளி தருகிறது என்பது என் அனுபவம்.

இன்னொரு விசேஷம் நம் இடத்துக்கு உண்டு. காந்தமையக்கோடு பக்கத்தில் போவதால்தான் 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்தார்கள். நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. அதே காரணத்தால் சூரியன் மறைந்தபின் நம் தலைக்கு மேலுள்ள அயனி மண்டலம் கலங்குகிறது. வரும் குரல்கள் நடுங்கும். விண்வெளி ஆய்வாளர் கருவி வைத்துப் பார்ப்பதை நாம் காதாலேயே கேட்கிறோம்.

எல்லாம் சரி, "கையில் போன் இருக்கும்போது இது எதுக்குல?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் அந்தமானில் போர்ட் பிளேயரில் இருந்து உலக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தார். அதே போட்டி மனசு, அதே பொழுதுபோக்கு. 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி இல்லை. அந்த நிலையமே காணாமல்போனவர்களைப் பற்றிய செய்திகளைப் பெருநிலத்துக்கும் தீவுக்கும் இடையே கடத்தியது. அன்றைக்கு நம் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

2017 நவம்பர் 30இல் ஓகி வந்தபோது கம்பங்கள் சாய்ந்தன, மின்சாரம் பல நாள் இல்லை. கடலில் இருந்த வள்ளங்களோடு ஹாம் பேசியிருக்க முடியாது. அவர்களிடம் அதற்கான கருவி இல்லை. அதை மிகைப்படுத்தக் கூடாது. ஆனால் கரையில் ஊருக்கும் ஊருக்கும், ஊருக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் இடையே பேச, கார் பேட்டரியும் ஒரு கம்பியும் போதும். கருவியைவிட முக்கியம், கரகரப்புக்குள் ஒரு பெயரைச் சரியாகக் கேட்டு, தப்பில்லாமல் எழுதத் தெரிந்த ஆள். 48 மணி நேரக் காண்டெஸ்ட் பழக்கிவிடுவது அதைத்தான்.

போட்டி நடப்பது ஐப்பசியில், நம் இடிமழைக் காலத்தில். மதியம் மலைப்பக்கம் கருத்தால் நான் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுகிறேன். புள்ளி போனால் போகட்டும். வீடும் ஆளும் முக்கியம். தொடங்குகிற தம்பி தங்கைகள் இதை முதல் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வில் ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரு வகை உண்டு. பாடத்தில் படித்த ஓம் விதியும் அலைநீளமும் கேள்வியில் வரும். நம் கல்லூரி மொட்டை மாடியில் ஒரு டைபோல் கட்ட இடம் இருக்கிறது; கம்பியும் கயிறும் கப்பியும் நான் தருகிறேன். சங்கத்து மூத்தவர்கள் நிர்வாகத்திடம் பேசி ஒரு அறை வாங்கித் தந்தால், அடுத்த மலருக்குள் அங்கிருந்து ஒரு குரல் "ட்வென்டி டூ" என்று சொல்லும்.