இணைப்புறு தொழிற்கருவிகள்: லண்டன் ரயில்பாதைகளின் வரலாறு

தொலைவில் இயங்கும் எந்திரத்தின் நிலையைக் கம்பி வழியாகவோ அலை வழியாகவோ அறிந்து, அதை ஓட்டவும் நிறுத்தவும் உதவுபவை இணைப்புறு தொழிற்கருவிகள். ‘பொருள்களின் இணையம்’ என்ற பெயரைக் கெவின் ஆஷ்டன் 1999-இல் சூட்டியதால், இத்துறை அப்போதுதான் பிறந்தது என்று பலர் கருதுகிறார்கள். லண்டனில் அது 1837-லேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு முதற்பகுதி திறக்கப்பட்ட லண்டன்–பர்மிங்காம் பாதையில், யூஸ்டனிலிருந்து கேம்டன் வரையிலான ஏற்றத்தில் ரயிலை வடம் கட்டி இழுக்கக் கேம்டனில் நீராவி எந்திரங்கள் நிறுவப்பட்டன. கீழே ரயில் தயாரானதை மேலே தெரிவிக்க, வில்லியம் குக்கும் சார்லஸ் வீட்ஸ்டனும் ஜூலை 25 அன்று மின்தந்தியை இயக்கிக் காட்டினார்கள். நிர்வாகமோ குழாயில் காற்றை அழுத்தி மறுமுனையில் ஊதல் ஒலிக்கும் முறையையே தேர்ந்தது. அதைக் குறுகிய பார்வை என்று பழிப்பது நியாயமன்று. ‘இழு’ என்ற ஒரே செய்திக்கு ஊதலே போதும். 1839-இல் பாடிங்டன்–வெஸ்ட் டிரேட்டன் இடையே சுமார் 21 கி.மீ. தூரம் ஓடிய தந்தியும், இரும்புக் குழாய்க்குள் கம்பிகளின் காப்புறை கெட்டதால் திணறியது. 1843-இல் ஸ்லவ் வரை நீட்டியபோது கம்பிகள் கம்பத்தில் ஏறின.

தந்தி மனிதருக்கு மனிதர் அனுப்பும் செய்திதானே, இதில் எந்திர இணைப்பு எங்கே என்று கேட்கலாம். யூஸ்டனில் செய்தி போய்ச் சேரவேண்டிய இடம் எந்திரம். இடையில் நின்ற ஆள் அதன் கை. கம்பியைவிடக் கடினமான சிக்கல் அந்தக் கைமாற்றத்தில்தான் இருந்தது என்பதை 1861 ஆகஸ்ட் 25 காட்டியது. பிரைட்டன்–லண்டன் பாதையில் உள்ள கிளேட்டன் சுரங்கப்பாதையின் வாயிலில், ரயில் கடந்ததும் தானே ‘நில்’ காட்டவேண்டிய சிக்னல் மாறவில்லை. இரண்டாவது ரயிலும் உள்ளே நுழைந்தது. அதன் ஓட்டுநர் கடைசி நொடியில் சிக்னல்காரர் காட்டிய சிவப்புக் கொடியைக் கண்டு, உள்ளே நிறுத்திப் பின்னோக்கி நகர்த்தினார். சிக்னல்காரர் மறுமுனையிடம் தந்தியில் கேட்டார். ‘பாதை காலி’ என்று பதில் வந்தது. அது முதல் ரயிலைப் பற்றிய பதில். இரண்டாவதும் வெளியேறிவிட்டதென்று எண்ணி அவர் மூன்றாவதை அனுமதித்தார். 23 பேர் இறந்தனர். ஒரு தொகுதிப் பாதையில் ஒரே ரயில் என்ற விதியை நாடாளுமன்றம் கட்டாயமாக்கியதோ 1889-இல், அயர்லாந்தின் ஆர்மா விபத்துக்குப் பிறகுதான்.

இன்றைய வலைப்பின்னல்கள் தொலைந்த செய்தியைத் தாமே மறுபடி அனுப்புகின்றன, ஆகவே இந்த விபத்துகள் பழங்கதை என்பது வலுவான மறுப்புதான். ஆனால் கிளேட்டனில் எந்தத் தந்தியும் தொலையவில்லை. சரியாகவே வந்த செய்தி எதைக் குறித்தது என்பதுதான் தெரியாமல் போனது. ஆகவே இணைப்புறு கருவியை உருவாக்குபவர் முதலில் தீர்க்கவேண்டியது செய்தியின் வேகத்தை அல்ல. செய்தி வராதபோதும் ஐயமானபோதும் எந்திரம் என்ன செய்யவேண்டும் என்பதை. 1968 செப்டம்பரில் முதற்பகுதி திறக்கப்பட்ட விக்டோரியா தடம் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. தண்டவாளத்தில் ஓடிய மின்துடிப்புகள் ரயிலுக்கு வேக அனுமதி தந்தன. துடிப்பு நின்றால் பிரேக் தானே விழுந்தது. முழுத் தானியங்கி ஓட்டம் இருந்தும், கதவை மூடிப் புறப்படும் பொத்தான்களை அழுத்த முன்னறையில் ஓர் ஊழியரை அமர்த்தினார்கள்.