கப்பலில் இட்ட தையல்

1969 நவம்பர் 24 அன்று அப்போலோ 12 கலம் பசிபிக் கடலில் மோதி இறங்கியபோது, உள்ளே பொருத்தியிருந்த திரைப்படக் கருவியொன்று கழன்று ஆலன் பீனின் நெற்றியைக் கிழித்தது. நிலவில் ஏழு மணி நேரத்திற்கும் மேலாக நடந்து நலமே மீண்டவருக்கு, காயம் வீட்டு வாசலில் காத்திருந்தது. மீட்புக் கப்பலில் மருத்துவர் தையலிட்டார், புண் ஆறியது.

அதே அடி வானில் பட்டிருந்தால்? எடையற்ற வெளியில் குருதி வழிந்தோடுவதில்லை. காயத்தின்மேல் குமிழாகத் திரண்டு நிற்கும். காயம்பட்டவரைப் பலகையோடு பட்டையிட்டுப் பிணைக்க வேண்டும். மருத்துவம் பார்ப்பவரும் தம்மைப் பிணைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அழுத்தும் கையே அவரை அப்பால் தள்ளிவிடும்.

2006 செப்டம்பரில் பிரெஞ்சு மருத்துவர்கள், வளைந்து பறந்த விமானமொன்றில், முறைக்கு 22 விநாடியளவே வாய்த்த எடையின்மையில் ஒருவரின் கையிலிருந்த சிறு கட்டியை அறுத்தகற்றினர். வானில் கத்தி பிடிப்பது இயலும் என்பதற்கு அது சான்று. ஆயினும் அந்த விமானத்திற்குக் கீழே தரை இருந்தது. பீனுக்கும் கப்பல் இருந்தது. செவ்வாய்க்குச் செல்வோர் திரும்பிவரவே மாதங்கள் ஆகும். அவர்களுக்கு உதவி என்பது உடன் பயணிப்பவரின் கை ஒன்றே. அந்தக் கைக்குத் தையல் தெரிந்திருக்க வேண்டும்.