மௌஸ் அம்பு எங்கே போச்சு?

கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் அம்பு ஏன் சாய்ந்தே நிற்கிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? அதற்கு ஒரு கதை இருக்கிறது.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் ஒரு பெரிய கூட்டத்துக்கு முன்னால் மௌஸை இயக்கிக் காட்டினார். திரையில் நகர்ந்த குறிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'பக்', அதாவது பூச்சி. (கையில் எலி, திரையில் பூச்சி!) அப்போது அது மேல்நோக்கி நேராக நின்ற அம்பு.

அதைச் சாய்த்தவர்கள் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்துக்காரர்கள். 1973-ல் அவர்கள் செய்த ஆல்டோ கம்ப்யூட்டரின் திரை 606 x 808 புள்ளிகள். அதில் அம்புக்குக் கிடைத்தது 16 x 16. அவ்வளவு சின்னக் கட்டத்தில் நேர் அம்பு தெளிவாக வராது. ஒரு பக்கம் நேர்க்கோடு, மறுபக்கம் 45 டிகிரி சாய்வு என்று வரைந்தால் பளிச்சென்று தெரியும். ஆக, கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சாய்வே வந்தது. 1984-ல் மெக்கின்டாஷ் கறுப்பு அம்போடு வந்தது. விண்டோஸ் கறுப்பு ஓரம் வைத்த வெள்ளை அம்பை எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. திரைகள் வளர்ந்தன, அம்பு வளரவில்லை. விண்டோஸ் அம்பின் உயரம் சுமார் 19 புள்ளி. பழைய 640 x 480 திரையில் அது உயரத்தில் 25-ல் ஒரு பங்கு. 1920 x 1080 திரையில், எதையும் பெரிதாக்காமல் விட்டால், 57-ல் ஒரு பங்கு! என்னைப்போல எக்செல்லோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். வெள்ளைத் தாளின் மேல் வெள்ளைப் பிளஸ் குறி. ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மா "அம்பைக் காணோம்பா" என்றால், கண்ணாடியை மாற்றச் சொல்கிறோம். இரண்டு முறை கேட்டுவிட்டு அப்புறம் கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டார்கள். அவர்கள் கண்ணை மட்டும் குறை சொல்வது நியாயமா?

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை, ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக்கால லேப்டாப் திரைகள் மெதுவானவை, அம்பை வேகமாக நகர்த்தினால் மறைந்தே போகும். அதனால் 1992-ல் விண்டோஸ் 3.1 அம்புக்கு வால் முளைக்கவைத்தது. 2001-ல் வந்த எக்ஸ்பியில் கன்ட்ரோல் பொத்தானை அழுத்தினால் அம்பைச் சுற்றி வட்டங்கள் சுருங்கிக் காட்டும். 2015-ல் ஆப்பிள், மௌஸை விறுவிறுவென்று ஆட்டினால் அம்பு ஒரு நொடி பூதாகாரமாகும்படி செய்தது. எனக்குப் பிடித்தது இதுதான். தொலைந்த பொருளைத் தேடும் கை தானாகச் செய்வதும் அதுதானே!

விண்டோஸில் அம்பைப் பிடித்த நிறத்துக்கு மாற்றி, ஒரு பட்டியை இழுத்து வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கும் வசதி 2019-ல்தான் வந்தது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அக்ஸசிபிலிட்டி, மௌஸ் பாயின்டர் அண்ட் டச் என்று போங்கள். கன்ட்ரோல் வட்டமும் இன்னும் இருக்கிறது. பழைய கன்ட்ரோல் பேனலில், மௌஸ் பகுதியின் பாயின்டர் ஆப்ஷன்ஸில் கடைசி வரி. நாமாக டிக் செய்தால்தான் வேலை செய்யும்.

நிறத்தை மட்டும் பெரியவர்களிடமே கேட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் ஆரஞ்சு ஜெயித்தது.