அச்சத்துக்கு முன்னே வரும் அடையாளம்

தோட்டத்து லயன்களில் பேய்க்கதை கேட்காமல் வளர்ந்த பிள்ளைகள் குறைவு. நன்றாகக் கதை சொல்லும் பாட்டி பேயை உடனே கொண்டுவந்து நிறுத்துவதில்லை. முதலில் நாய் ஊளையிடும்; பிறகு காற்றில்லாமலே விளக்கு அணையும். அதற்குள் நம் நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். பின்னால் வரப்போவதை முன்னாலேயே சாடையாகக் காட்டும் இந்த உத்திக்கு முன்குறிப்பு என்று பெயர்.

பாழடைந்த மாளிகை, பழைய குற்றம், சாவு ஆகியவற்றைச் சுற்றி மேனாட்டில் எழுந்த கதைகளைக் கோத்திக் கதைகள் என்பார்கள். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1839இல் அஷர் மாளிகையின் வீழ்ச்சியைப் பற்றி ஒரு கதை எழுதினார். அதன் தொடக்கத்தில் சுவரில் மெல்லிய விரிசல் ஒன்று தெரிகிறது. முடிவில் அந்த விரிசல் அகன்று மாளிகை பிளந்து சரிகிறது. சரிந்தது கட்டடம் மட்டுமன்று. அந்தக் குடும்பமும் அதோடு அழிகிறது. குடும்பத்தின் அழிவே கதையின் கருப்பொருள். விரிசல் அதற்கு முன்குறிப்பு.

தமிழில் இவ்வகையில் பெயர் பெற்றது புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. 1943இல் கலைமகள் இதழில் வெளிவந்தது. தூக்கம் வராத ஓர் எழுத்தாளர். இரவில் எங்கிருந்தோ வரும் வாசனை. வீட்டு வேலைக்கு வந்து சேரும் பிச்சைக்காரி ஒருத்தி. நடப்பதெல்லாம் மெய்யா, தூக்கமற்ற மனத்தின் மயக்கமா என்று ஆசிரியர் தீர்த்துச் சொல்வதில்லை. நம் கண்ணையே நம்பலாமா என்ற ஐயம்தான் அங்கே அச்சமாகிறது.

அதே ஆசிரியர் 1935இல் மணிக்கொடியில் 'துன்பக்கேணி' எழுதினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை அது. அதில் பேய் இல்லை. வறுமையும், அதிகாரம் கையில் உள்ள மனிதரும் போதும், நாம் நடுங்குகிறோம்.

இனி மெய்யாகவே நடந்த ஒன்றைப் பார்ப்போம். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஃபேரர் பார்க் திடலில் கூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். வெள்ளையராட்சி அசையாது என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்தத் திடலே சுவரில் விழுந்த விரிசல். மலாயாத் தோட்டங்களில் ரப்பர் வாங்க ஆளில்லை, சம்பளம் நின்றது, அரிசி குறைந்தது. அதன் பிறகு வந்தது இனிய சொல்: சயாமில் ரயில் பாதை வேலை, நல்ல கூலி, கொஞ்ச காலந்தான். இனிய சொல்லுக்கு ஆள் போதாதபோது வலுக்கட்டாயம் வந்தது. 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் பல்லாயிரம் தமிழர் காலராவாலும் பசியாலும் மாண்டனர்.

போனவர்கள் அறியாதவர்கள் அல்லர். வயிறு காய்ந்தவனுக்கு அடையாளம் தெரிந்தாலும் விலகி நிற்க வழியில்லை. கதையிலும் வரலாற்றிலும் மிகக் கொடிய அச்சம் இதுதான்.

ஆகவே, பிள்ளைகள் பேய்க்கதை வாசித்தால் தடுக்க வேண்டாம். எந்த இடத்தில் பயம் வந்தது, அதற்கு முன் ஆசிரியர் எதைக் காட்டினார் என்று கேட்போம். அப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளை, நாளை ஓர் இனிய சொல்லைக் கேட்கும்போதும் அதன் முன்னும் பின்னும் பார்க்கும்.