தொலைந்துபோன கிளினிக் கொப்பி



நல்லூரில் ஒரு ஐயா எங்களை மறித்துக் கேட்டார்: "மாஸ்டர், தம்பிக்குச் சலப்பையில கான்சர். தெல்லிப்பழையில கரண்ட் பிடிக்கச் சொல்லியிருக்கினம். கரண்டாலயே பிறகு வேற கான்சர் வருமாம் எண்டு அவன் போகமாட்டன் எண்டு நிக்கிறான். உண்மையோ?"

உண்மைதான். ஆனால் மிக அரிது. சரித்திரத்தைச் சொன்னோம்.

1895இல் ஜெர்மனியில் இரண்டு காரியங்கள் நடந்தன. சாயத் தொழிற்சாலைக்காரருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை வைத்தியர் லுட்விக் ரேன் அறிவித்தார். நவம்பரில் ரோன்ட்ஜென் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். (எங்களிடம் சாயத் தொழிற்சாலை இல்லை, சுருட்டு இருக்கிறது. இந்த நோய்க்கு முதல் காரணம் புகைதான்.) கதிர் வந்து 7 வருடத்தில், 1902இல், அதோடு வேலைசெய்த ஒருவரின் கையில் தோல் புற்றுநோய் கண்டார்கள். 1904இல் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அப்படியே இறந்தார்.

கதிரால் வந்த புற்றை எப்படி அடையாளம் காண்பது? 1948இல் நியூயோர்க்கில் கஹான் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் எலும்புப் புற்றை வைத்து ஒரு கணக்குச் சொன்னார்கள். கதிர் பட்ட இடத்திலேயே வர வேண்டும், இடையில் வருடங்கள் கடந்திருக்க வேண்டும், பழைய நோயின் வகையாக இருக்கக் கூடாது. சலப்பைக்கு வைக்கும் கதிர் மலக்குடலிலும் இடுப்பெலும்பிலும் கொஞ்சம் படும். அங்கேயோ, சலப்பையின் இரத்தக் குழாயிலோ புதுப் புற்று முளைக்கலாம். அதற்கு 5 வருடமும் ஆகும், 20 வருடமும் ஆகும். இன்று கொல்ல வரும் நோய்க்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

எங்கள் பயம் வேறு. அத்தனை வருடம் எங்கள் கடதாசி நிலைக்குமா?

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டபோது, பெரியவாப்பாவின் கிளினிக் கொப்பி அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. பிறகு புத்தளத்தில் சலத்தோடு இரத்தம் போனது. "எந்த இடத்தில், எவ்வளவு கதிர் வைத்தார்கள்?" என்று வைத்தியர் கேட்டார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. 1995 ஒக்டோபரில் தமிழ்ச் சனமும் இதே மாதிரித்தான் வீடுகளை விட்டு நடந்தது. எத்தனை கொப்பிகள் போயிருக்கும்!

கரண்ட் பிடித்தவர்கள் டயக்னோசிஸ் கார்டைப் போனில் படம் எடுத்து, பிள்ளைகள் இரண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள். எத்தனை கிரே என்று கேட்டு எழுதுங்கள். 15 வருடம் கழித்துச் சலத்தில் இரத்தம் கண்டாலும், கதிர் வைத்த கதையை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஐயா புதன்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு தெல்லிப்பழை போகிறாராம். வழியில் ஒரு சீஆர் கொப்பி வாங்கச் சொல்லியிருக்கிறோம்.